மண்ணுக்குள் உலோகம் தேடும் கருவி: வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

பலமனேர் வட்டாரத்தில் "புதையல்" என்ற சொல்லுக்குத் தனி மவுசு உண்டு. அதில் வியப்பில்லை. மேற்கே கோலார் தங்க வயல். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி மூடப்படும்வரை, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கிய இடம். கிழக்கே மொகிலி கணவாய். 1791-ல் கார்ன்வாலிஸ் பிரபுவின் சேனை பெங்களூரைப் பிடிக்க இந்த வழியாகத்தான் ஏறிப் போயிற்று. சேனை போன பாதையில் காசும் ஈயக்குண்டும் உதிர்ந்திருக்கும் அல்லவா?

இந்த ஆசையில் "மெட்டல் டிடெக்டர்" வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். கோலார் தங்கம் பாறைக்குள் பொடியாகக் கலந்திருப்பது. சாதாரணக் கருவி அதைக் காட்டாது.

ஒரு சாண் ஆழம்

கோலின் நுனியில் தட்டுப் போல ஒரு கம்பிச்சுருள். அதில் மின்சாரம் பாயும்போது காந்தப் புலம் உண்டாகிறது. அடியில் உலோகம் இருந்தால் புலம் மாறும். காதில் ஒலி கேட்கும். அவ்வளவுதான் சங்கதி. சிறு காசு என்றால் ஒரு சாண் ஆழம் வரை தெரியும். "பத்தடி ஆழத்துத் தங்கத்தை மட்டும் காட்டும்" என்று விற்பவனிடம் சம்பளப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஹெட்போன், களைக்கொத்து, தடித்த கையுறை, மாற்று பேட்டரி, ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும். இரும்புச் சத்துள்ள செம்மண்ணில், கருவியை மண்ணுக்கு ஏற்பத் திருகி வைக்காவிட்டால் வெறும் தரையிலேயே கூச்சல் போடும். முதலில் வீட்டு முற்றத்தில் வெள்ளி மோதிரம், பித்தளைச் சாவி, இரும்பு ஆணி ஆகியவற்றைப் புதைத்து, ஒலியின் வேறுபாட்டைப் பழகுங்கள். தோண்டிய குழியை மூடிவிட்டுத்தான் நகர வேண்டும்.

கலெக்டருக்கு ஒரு கடிதம்

பட்டா நிலம் என்றால் உடையவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். கோவில், கோட்டை, தொல்பொருள் துறையின் சின்னங்கள் பக்கம் கருவியோடு போகவே கூடாது. கௌண்டின்யா சரணாலயத்திலோ சட்டமும் உண்டு, யானையும் உண்டு! வெளியூர்க்காரர், தெலுங்கும் சரியாக வராதவர், இரவில் கடப்பாரையோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை; பங்கும் போய்விடும். தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை. பழைய உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு.

மந்திரவாதி, கனவு என்று வருபவர்களுக்கு ஒரு செய்தி. உத்தரப்பிரதேசம் உன்னாவ் மாவட்டத்தில், ஆயிரம் டன் தங்கம் இருப்பதாக ஒரு சாமியார் கண்ட கனவை வைத்து 2013-ல் தொல்பொருள் துறையே தோண்டிப் பார்த்தது. தங்கம் வரவில்லை.

வந்த கதையும் உண்டு. 1992-ல் இங்கிலாந்தின் ஹாக்ஸன் கிராமத்தில், வயலில் நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார் எரிக் லாஸ். கருவி ஒலித்த இடத்தில் ரோமானியக் காசுகள்! மேலே தோண்டாமல் நிறுத்தி, அதிகாரிகளுக்குச் சொன்னார். நிபுணர்கள் வந்து எடுத்ததில் சுமார் 15 ஆயிரம் காசுகள். அரசு 17½ லட்சம் பவுன் கொடுத்தது. அதை நிலத்தை உழுத நண்பரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் அகப்பட்டது. அதுவும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.