மீண்டும் வளரும் நாசிக் கட்டி: இழையம் கூறுவதும் கூறாததும்

மூக்கிலும் அதனைச் சூழ்ந்த எலும்புக் குடாக்களிலும் தோன்றும் கட்டிகளுட் பல புற்றுநோயல்ல. ஆயினும் அகற்றியபின் மீண்டும் வளர்வது அவற்றுட் சிலவற்றின் இயல்பாகும். எது மீளும், எது மீளாது என்பதை வெட்டியெடுத்த இழையத்தைக் கொண்டே முன்னறிய முடியுமா என்பதே நாம் நோக்கவேண்டிய வினா.

உள்நோக்கி வளரும் பப்பிலோமா இதற்குத் தக்க உதாரணமாகும். இதன் மேலணி கீழுள்ள இழையத்துள் அமிழ்ந்து வளரும். சிலரிடத்தே புற்றாகவும் மாறும். கலப்பிரிவின் வேகத்தைக் காட்டும் கேஐ-67 புரதம், மனித பப்பிலோமா வைரசு, 2015 இல் விவரிக்கப்பட்ட ஈ.ஜி.எஃப்.ஆர். பரம்பரையலகு விகாரம் ஆகியன இதில் ஆராயப்பட்டுள்ளன. எனினும், கட்டி பற்றியிருந்த அடி முற்றாக நீக்கப்பட்டதா என்ற வினாவின் இடத்தை இவற்றுள் எதுவும் பெறவில்லை.

இலங்கையும் தென்னிந்தியாவும் மிகுதியாக அறிந்தது வேறொரு நாசி வளர்ச்சி: ரைனோஸ்போரிடியோசிஸ். இதன் காரணியை 1900 இல் புவனஸ் அயர்சில் கில்லெர்மோ சீபர் விவரித்தார். 1964 இல் டபிள்யூ. ஏ. ஈ. கருணாரத்ன இதுபற்றித் தனிநூலொன்றை வெளியிட்டார். நுணுக்குக்காட்டியில் தெரியும், வித்திகள் நிறைந்த கலன்களே இதன் இழைய அடையாளம். வெட்டும்போது அவை சிதறி அயலிலுள்ள சீதமென்சவ்வில் ஊன்றக்கூடும். ஆதலால் கட்டியை நீக்கி அதன் அடியையும் சுட்டுவிடுவர். நெடுங்காலம் பங்கசு எனக் கொள்ளப்பட்ட இவ்வுயிரி, மீன்களைத் தாக்கும் நீர்வாழ் ஒட்டுண்ணிகளின் உறவென 1999 இல் பரம்பரையலகு ஆய்வு காட்டிற்று. ஆக, இழையமே நம்மை நீரை நோக்கித் திருப்புகிறது.

குளங்களில் குளிப்போரிடத்தும் ஆற்று மணல் அள்ளுவோரிடத்தும் இந்நோய் காணப்படுவது நெடுநாள் அறியப்பட்டதே. எஹலியகொடப் பகுதியில் மாணிக்கக் குழிகளில் நீரை இறைத்தவாறே அகழ்வோரும், இறப்பர்த் தோட்ட லயங்களில் வாழ்வோரும் உளர். மீண்டும் தோன்றிய கட்டி எஞ்சிய வித்தியிலிருந்து எழுந்ததா, மீண்டும் தீண்டிய நீரிலிருந்தா என்பதை நுணுக்குக்காட்டி கூறாது. அதற்கு நோயாளியின் தொழிலையும் அவர் குளிக்கும் இடத்தையும் வினவவேண்டும்.

ஒரே நீரில் குளித்த எல்லோரும் நோயுறுவதில்லை என்பதும் உண்மையே. ஆகவே உடலின் பங்கை மறுப்பது இயந்திரப் பொருள்முதல்வாதமாகும். அதேவேளை, உடலை அதன் உழைப்பினின்று பிரித்து இழையத்துள் மட்டும் விடை தேடுவது, நோயாளியைக் குணப்படுத்தி அதே நீருக்குத் திருப்பியனுப்புவதாகவே முடியும். இழையச் சுட்டி வேண்டும். சுத்தமான நீர்க்குழாயும் வேண்டும். முன்னையது மீளலை முன்னறிவிக்கலாம். பின்னையதே அதற்கான வாய்ப்பைக் குறைக்கும்.