வளவனூரில் செல்போன் எந்த மாநிலத்தில் இருக்கிறது?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் பழைய சாலையில் வளவனூரைத் தாண்டினால் மதகடிப்பட்டு. அங்கே தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி யூனியன் பிரதேசம் தொடங்குகிறது. திருபுவனை, திருவாண்டார்கோயில் வரை அதுதான். கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு, அரியூரில் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஊர் ஊராகப் பங்கு போட்டுக்கொண்டதன் மிச்சம். கடைப் பலகையைப் பார்த்தே எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று பஸ் பயணி சொல்லிவிடுவார். செல்போனால் அப்படிச் சொல்ல முடியாது.

2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் போட்டுப் பணம் வைத்து ஆடும் இணைய ரம்மி, போக்கரைத் தடை செய்தபோது இந்தக் குழப்பத்துக்கு ஒரு விலை வந்தது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2023 ஏப்ரலில் வேறு சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், அச்சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று தீர்ப்பாயிற்று. தடை இருந்த காலங்களில் செயலிகள் தமிழ்நாட்டில் இருப்பவரை மட்டும் கண்டுபிடித்து நிறுத்தியாக வேண்டியிருந்தது. “உங்கள் மாநிலத்தில் அனுமதி இல்லை” என்று திரையில் வந்த அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் ஊகம்தான்.

மிக மலிவான வழி ஐ.பி. முகவரி. இந்த முகவரிகளை ஊர்களோடு பொருத்தி வைத்திருக்கும் தரவுத்தளங்கள் நாட்டைச் சரியாகச் சொல்லும்; மாவட்டம் என்றால் தடுமாறும். பழைய வகை முகவரிகள் உலகத்துக்கே சுமார் 430 கோடிதான் என்பதால், செல்போன் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. போதாததற்கு, தொலைத்தொடர்புக் கணக்கில் புதுச்சேரி தமிழ்நாடு வட்டத்துக்குள்தான் வருகிறது. மதகடிப்பட்டுக்காரரின் இணைப்பும் வளவனூர்க்காரரின் இணைப்பும் சென்னையில் ஒரே வாசல் வழியாக வெளியேறினால், அவர்களை ஐ.பி. எப்படிப் பிரிக்கும்?

இந்தத் தரவுத்தளங்களை நம்பிய கூத்து ஒன்று அமெரிக்காவில் நடந்தது. மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், அமெரிக்காவில் எங்கே என்று தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளியைத் தோராயமாகக் குறித்து வைத்தது. அந்தப் புள்ளி கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டருகே விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அதன் பேரில் சேர்ந்துகொண்டன. இணையத் திருடர்களைத் தேடி போலீஸ் அந்த வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது. 2016இல்தான் காரணம் வெளியே தெரிந்தது.

சரி, ஜி.பி.எஸ். இருக்கிறதே? சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்தச் சமிக்ஞை, திறந்த வெளியில் செல்போனை ஏறக்குறைய 5 மீட்டருக்குள் காட்டிவிடும். கான்கிரீட் கூரைக்குக் கீழே அது நலிந்துவிடும். அப்போது போன் பக்கத்து வைஃபை பெட்டிகளையும் செல்போன் கோபுரங்களையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. யாராவது வீடு மாறும்போது வைஃபை பெட்டியையும் எடுத்துப் போயிருந்தால், கொஞ்ச நாளைக்குப் பழைய தெருவையே காட்டும். கோபுரம் மட்டும்தான் கதி என்றால் பிழை கிலோமீட்டர் கணக்கில் போகும்.

உண்மையில் போன் சொல்வது ஒரு புள்ளியை அல்ல, ஒரு வட்டத்தை. ஆண்ட்ராய்டில் அதன் பொருள், நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்பது மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு நேரம் வெளியேயும் இருக்கலாம்! சட்டத்துக்கு வேண்டியதோ ஒரு கோடு.

அந்தக் கோட்டைச் சரிபார்க்கும் கணக்கு அழகானது. இருக்கும் இடத்திலிருந்து ஏதாவது ஒரு திசையில் நேர்கோடு இழுத்து, அது எல்லையை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ண வேண்டும். ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. புதுச்சேரியைப் போலத் துண்டு துண்டான பகுதிக்கும் இது பிசகாது, வரைபடம் சரியாக இருக்கும்வரை. வேகத்துக்காக எல்லையின் வளைவுகளை மழித்துச் சுருக்கிவிட்டால் சின்னத் துண்டுகள் காணாமல் போகும். அப்புறம் கணக்கு பிழையே இல்லாமல் தவறான விடை தரும்.

வட்டம் எல்லையைத் தொட்டால் என்ன செய்வது? அபராதத்துக்குப் பயந்த நிறுவனம் தடுத்துவிடும். 2013 நவம்பரில் நியூ ஜெர்சியில் இணைய போக்கர் தொடங்கியபோது இதுதான் நடந்தது. அனுமதி உள்ள மாநிலத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர்களை, ஆற்றுக்கு அக்கரையில் நியூயார்க் இருந்ததால், மென்பொருள் வெளியே தள்ளியது. ஏமாற்ற நினைப்பவன் போலி இருப்பிடம் காட்டும் செயலியைப் போட்டுக்கொள்கிறான். அவனைப் பிடிக்கத் தனிச் சோதனைகள் வேண்டும். உண்மையைச் சொல்லும் போன்காரர்தான் முதலில் மாட்டுகிறார். சூதாட்டத்தின் மேல் எனக்குப் பரிவு கிடையாது. ஆனால் தடுக்கும் திரையில் “உங்கள் வட்டம் இவ்வளவு பெரிது, வெளியே வந்து மறுபடி பாருங்கள்” என்று ஒரு வரி போட எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டை நாடு முழுவதற்கும் தடை செய்கிறது. சீட்டைப் பொறுத்தவரை வளவனூருக்கும் மதகடிப்பட்டுக்கும் இப்போது சட்டம் ஒன்றுதான்.