சுட்டவர் சொன்னால் போதுமா?

புனேயின் அமிர்ததுல்யக் கடைகளில் டீ கொதித்து வரக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த இடைவெளியில் நண்பரின் மகன் கேட்டான்: "உயிருக்கு ஆபத்து, அதான் சுட்டேன்னு போலீஸே சொல்லிட்டா, அப்புறம் எதுக்கு மாமா வழக்கு?"

தம்பி, தற்காப்பு உரிமை எல்லோருக்கும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைப் பற்றித்தான். ஆனால் அது சுட்டவர் சொல்லும் பதில். அந்தப் பதில் மெய்யா என்று பார்க்க வழக்கு இருந்தாக வேண்டுமே! கொலைக்குற்றம் போன்ற புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போடாமல் இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2013-லேயே சொல்லிவிட்டது.

விசாரித்தால் தற்காப்பு நிரூபணமாகவும் செய்யலாம். 2012-இல் மதுரையில், மகளைக் காப்பாற்றக் கணவரை கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை, அன்றைய எஸ்.பி. அஸ்ரா கர்க் அந்த உரிமையைச் சுட்டிக்காட்டித்தான் விடுவித்தார்.

சுட்டது போலீஸ் என்றால்தான் சிக்கல். தன் வழக்கைத் தானே துப்புத் துலக்குவது யாருக்குத்தான் கசக்கும்? அதனால்தான் மகாராஷ்டிர என்கவுன்ட்டர்கள் தொடர்பான வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுத்தது: சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையம் விசாரிக்க வேண்டும். சுட்ட ஆயுதத்தைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். இரண்டு மருத்துவர்கள் பிணக்கூறாய்வு செய்ய, அது வீடியோவில் பதிவாக வேண்டும்.

சரியாகப் பத்தாண்டு கழித்து, 2024 செப்டம்பர் 23 அன்று, பத்லாபூர் பள்ளிச் சிறுமிகள் வன்கொடுமை வழக்கில் கைதானவர் மும்ப்ரா அருகே போலீஸ் வேனிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கியைப் பறித்துச் சுட்டான், திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். அவர் மீதான குற்றச்சாட்டு கொடூரமானது; ஊரே கொதித்திருந்தது. பலர் இனிப்பு வழங்கினார்கள். ஆனால் நடுவர் விசாரணையில், துப்பாக்கியில் அவர் கைரேகையே இல்லை என்பது தெரிந்தது. வேனில் இருந்த 5 போலீஸாரும் சாவுக்குப் பொறுப்பு என்றது அறிக்கை. அதன்பிறகும் போலீஸார் மீது எஃப்.ஐ.ஆர். போட அரசு தயங்கியது. பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் ரேவதி மோஹிதே டெரே, நீலா கோகலே அமர்வு 2025 ஏப்ரல் 7 அன்று சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து வழக்குப் பதியச் சொன்ன பிறகுதான் காரியம் நகர்ந்தது.

"ஆணையம் வெச்சா போதாதா?" என்றான். 2011 ஆகஸ்டில் இதே புனே மாவட்டத்து மாவளில், பவனா அணைக் குழாய்த் திட்டத்தை எதிர்த்த விவசாயிகள் மீது போலீஸ் சுட்டு 3 பேர் இறந்தபோது நீதி விசாரணைதான் அமைத்தார்கள். ஆணையம் அரசுக்கு அறிக்கை தரும், தம்பி, குற்றப்பத்திரிகை போடாது.

பத்லாபூர் வழக்கில், குழுவை அமைக்கும் பொறுப்பை 2025 மே மாதம் மாநில டி.ஜி.பி.யிடம் மாற்றியது உச்ச நீதிமன்றம். விசாரணை நடக்க வேண்டும் என்ற உத்தரவில் கை வைக்கவில்லை.