மோடம் மாற்றுவது சுலபம், எண் மாறுவதுதான் வம்பு

அமெரிக்காவில் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய வீடு ஒன்றை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். முன்பு இருந்தவருக்கு எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியம். ஹால், வாசல், மாடிப்படி, கராஜ் எல்லா இடத்திலும் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் சுவிட்ச் போட்டு வைத்திருக்கிறார். படுக்கையறையில் ஒரு பொத்தானைத் தட்டினால் வீடு முழுக்க விளக்கு அணைகிறது. கொஞ்ச காலம் ஜோராக நடக்கும். ஒருநாள் கரண்ட் போய் வரும். அன்று சாயங்காலம் தானாக எரிய வேண்டிய வாசல் விளக்கு எரியாது. சுவிட்சைக் கையால் தட்டினால் எரியும். படுக்கையறைப் பொத்தானும் வேலை செய்யும். நேரம் பார்த்து நடக்க வேண்டியவை மட்டும் நடக்காது.

ரவுட்டருக்குப் பக்கத்தில் சுவர் பிளக்கில் ஒரு வெள்ளைப் பெட்டி செருகியிருக்கும், கைக்கு அடக்கமாக. அதிலிருந்து ஒரு கேபிள் கன்ட்ரோலருக்குப் போகும். இதுதான் பவர்லைன் மோடம். பின்பக்க ஸ்டிக்கரில் 2413எஸ் என்று இருந்தால் முதல் சந்தேகத்தை அதன் மேலேயே வைக்கலாம். டீ ஆறுவதற்குள் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்ற கணக்கெல்லாம் கன்ட்ரோலரிடம் இருக்கிறது. ஆனால் அதற்கும் கரண்ட் கம்பிக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை இல்லை. அது சொல்வதை வாங்கி வீட்டு வயரிங்கிலேயே ஏற்றி அனுப்புவது மோடம். தனி வயர் இழுக்க வேண்டாம், சுவரை உடைக்க வேண்டாம் என்பதுதான் இந்த முறையின் கவர்ச்சி. யோசனையும் புதிதல்ல. ஸ்காட்லாந்தில் கிளென்ராத்தஸ் என்ற ஊரில் இருந்த பைக்கோ எலெக்ட்ரானிக்ஸ் 1975-ல் எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கியது. அவர்களுடைய பத்தாவது திட்டம் என்பதால் அந்தப் பெயர். அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மின்னழுத்தம் இரண்டு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும். அந்தக் கணத்தில் ஒரு மில்லி விநாடி நேரத்துக்கு 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றைக் கம்பியில் சேர்த்துவிடுவார்கள். ஒரு கட்டளை போய்ச் சேர முக்கால் விநாடி ஆகும். சேர்ந்ததா இல்லையா என்று பதில் வராது. முகவரிகளும் மொத்தம் 256-தான். பக்கத்து வீட்டிலும் அதே முகவரி இருந்தால், அவர் பொத்தானை அழுத்த உங்கள் ஹால் இருண்டு போன கூத்தெல்லாம் நடந்திருக்கிறது.

கலிபோர்னியாவின் ஸ்மார்ட்லேப்ஸ் 2005-ல் இன்ஸ்டியானைக் கொண்டுவந்தபோது இந்தக் குறைகளைத்தான் குறிவைத்தது. அலைவரிசை 131.65 கிலோஹெர்ட்ஸ். செய்தி கிடைத்தால் பதில் வரும். காதில் விழுந்ததை மற்ற சுவிட்சுகளும் திருப்பிச் சொல்லித் தள்ளிவிடும். முக்கியமாக, ஒவ்வொரு சாதனத்துக்கும் தொழிற்சாலையிலேயே மூன்று பைட் எண் ஒன்றைப் பதித்துவிடுவார்கள். ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல் எண்கள் உண்டு, ஒன்று போல் இன்னொன்று இராது. அந்த எண்ணை நாம் மாற்ற முடியாது. நம் தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதற்கு முன், மோடம் ஏன் கிழடு தட்டுகிறது என்று சொல்லிவிடுகிறேன். வருடம் முழுக்க, ராத்திரி பகல் பாராமல், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அது சூடாகவே இருக்கிறது. சுவர் மின்சாரத்தைச் சிறு வோல்ட்டாக்கித் தரும் பகுதியில் எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் உண்டு. அவற்றுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றும். சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் கைக்கணக்கு. அவை வற்றினால் மின்சப்ளை தொய்கிறது. கம்பியில் வருவதைக் கேட்கக் கொஞ்சம் மின்சாரம் போதும், கம்பியில் பேச நிறைய வேண்டும். அதனால்தான் நோய்ப்பட்ட மோடம் பெரும்பாலும் செவிடாவதற்கு முன்பே ஊமையாகிவிடுகிறது. ஹால் சுவிட்சைக் கையால் தட்டிப் பாருங்கள். கன்ட்ரோலர் திரையில் 'ஆன்' என்று வரும். திரையிலிருந்து அணைத்தால் விளக்கு அசையாது. இந்த ஒரு சோதனை பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

மீதிப் பாதிக்கு, மோடத்துக்குப் பக்கத்தில் என்னென்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள். யு.பி.எஸ், போன் சார்ஜர், சர்ஜ் பாதுகாப்புள்ள பவர் ஸ்ட்ரிப் எல்லாம் இந்தத் துடிப்பை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். மோடம் நேராகச் சுவர் பிளக்கில்தான் இருக்க வேண்டும்.

இப்போது எண்ணுக்கு வருவோம். சொந்தக்காரர் ஒருவர் போன் நம்பரை மாற்றிவிட்டார், யாருக்கும் சொல்லவில்லை. புது நம்பரிலிருந்து கூப்பிடுகிறார், யாரோ என்று எவரும் எடுப்பதில்லை. நாம் கூப்பிட்டால் பழைய நம்பருக்குப் போகிறது. புது மோடம் செருகிய வீட்டின் நிலை அச்சாக இதுதான். ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் ஒரு சின்ன இணைப்புப் பட்டியல் உண்டு. ஒரு வரிக்கு எட்டு பைட். யார் சொன்னால் கேட்க வேண்டும், எந்தக் குழுவுக்கு, எவ்வளவு வெளிச்சம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அங்கே இருப்பது பழைய மோடத்தின் எண். பிந்திய ரகச் சுவிட்சுகள் பட்டியலில் இல்லாத எண்ணிலிருந்து வரும் கட்டளையை ஏற்காமல் மறுத்துவிடும்.

இப்படி மூலைக்கு மூலை பட்டியலைச் சிதறி வைப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருந்தால் என்ன என்று தோன்றும். 2022 ஏப்ரல் அதற்குப் பதில் சொன்னது. அந்த மாத நடுவில் முன்னறிவிப்பே இல்லாமல் இன்ஸ்டியானின் சர்வர்கள் நின்றன. கம்பெனியின் ஹப்பையும் செயலியையும் நம்பியிருந்தவர்களுக்குப் போனிலிருந்து விளக்குப் போட முடியாமல் போயிற்று. ஆனால் சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் இருந்த இணைப்புகள் ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்தன. மோடமும் சொந்தக் கன்ட்ரோலரும் வைத்திருந்தவர்களுக்கு அதுவும் வழக்கமான ஒரு நாள்தான். ஜூனில் பயனாளிகளே சிலர் சேர்ந்து அந்தத் தொழிலை வாங்கி சர்வர்களை மறுபடி ஓட விட்டார்கள். மோடம் மாற்றும்போது நமக்கு வருகிற எரிச்சலும் அன்று வீடு இருளாமல் இருந்ததும் ஒரே காரணத்தால்தான். எனக்கு இந்த எரிச்சல் சம்மதம்.

சரி, என்ன செய்வது? சால்டரிங் பழக்கம் உள்ளவர் என்றால் முதல் வழி பழுது பார்ப்பது. 105 டிகிரி தாங்கும் நல்ல கெபாசிட்டர் சிலவற்றை மாற்றினால் பல மோடங்கள் எழுந்து உட்கார்ந்துவிடுகின்றன. எண் மாறாது, எந்தச் சுவிட்சையும் தொட வேண்டாம். கம்பெனி தடுமாறிய காலத்தில் புது மோடம் கிடைக்காமல் செகண்ட் ஹேண்ட் விலை எகிறியபோது பலரும் பிழைத்தது இப்படித்தான். ஆனால் இது சுவர் மின்சாரத்தில் நேராக ஓடும் சாமான். பிளக்கிலிருந்து கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் திறக்காமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது வழி புதிது வாங்குவது. இதில் வரிசை தப்பக்கூடாது. முதலில் கன்ட்ரோலரின் பேக்கப் எடுங்கள். சுவிட்சுகளின் பட்டியல்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கன்ட்ரோலரிடம் ஒரு நகல் உண்டு, பேக்கப்பில் அதுவும் வரும். பிறகு கன்ட்ரோலரை அணைத்து, பழைய மோடத்தைக் கழற்றி, புதியதைச் சுவரில் செருகி, கேபிளை மாட்டி, கடைசியாகக் கன்ட்ரோலருக்கு மின்சாரம் கொடுங்கள். திரையில் புது எண் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். யுனிவர்சல் டிவைசஸின் ஐஎஸ்ஒய் கன்ட்ரோலர் என்றால் 'ரெஸ்டோர் மோடம்' என்ற கட்டளை உண்டு. அதை அழுத்தினால் புது மோடத்தின் பட்டியலை எழுதிவிட்டு, ஒவ்வொரு சுவிட்சாகப் போய்ப் பழைய எண் இருந்த இடத்தில் புது எண்ணைப் பதிக்கும். பெரிய வீட்டில் நேரம் பிடிக்கும். நடுவில் பொறுமை இழந்து சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டிருந்தால் அந்தச் செய்திகளும் கம்பியில் குறுக்கே வரும். இப்படி ஒரு கன்ட்ரோலரே இல்லாத வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாகப் போய்ப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்து, பீப் சத்தம் கேட்டபின் விட்டு, கையாலேயே இணைக்க வேண்டியதுதான்.

பலர் தடுக்கி விழுவது பேட்டரி சாதனங்களில். கதவு சென்சார், நடமாட்ட சென்சார், தண்ணீர்க் கசிவு சென்சார் எல்லாம் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிக்கொண்டிருக்கும், கன்ட்ரோலர் கூப்பிட்டால் கேட்காது. ஒவ்வொன்றின் செட் பொத்தானையும் அழுத்திப் பிடித்து எழுப்பி, அதற்குரியதை மட்டும் தனியாக எழுத வேண்டும். சலவை இயந்திரத்துக்குப் பின்னால் கிடக்கும் கசிவு சென்சாரை மறந்தால், தண்ணீர் வரும் அன்றைக்கு அது பழைய மோடத்தைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

எல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு சுவிட்சையும் ஒருமுறை கையால் தட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்று தயங்கினால் அதன் பட்டியலில் பழைய எண் இன்னும் உட்கார்ந்திருக்கலாம். வராத பதிலுக்காக அது காத்திருக்கிறது. அந்தச் சுவிட்சை மட்டும் மறுபடி எழுதச் சொன்னால் போதும். பிறகு இன்னொரு பேக்கப் எடுத்துவிடுங்கள், முந்தையதில் இருப்பது பழைய மோடத்தின் எண். புது மோடத்தின் எண் சுவரைப் பார்த்த பக்கத்தில் ஸ்டிக்கரில் இருக்கிறது. செருகும் முன்பே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.