பீலி நீரும் ஆயிரம் பவுசரும்

திம்புள்ளைப் பள்ளத்தாக்கிலே மலைச்சரிவெங்கும் தேயிலை. சரிவின் அடியில் லயங்கள். லயத்தின் ஓரத்தில் பீலி. மேலே தேயிலைக்கிடையே புல் மருந்து தெளிக்கின்றனர். கீழே தாய்மார் குடத்தில் நீர் பிடிக்கின்றனர். பளிங்கு போன்ற நீர்தான். ஆயினும் அதில் மருந்து கலந்துளதா என்பதைக் கண்ணோ நாவோ அறியமாட்டா. பின் எவ்வாறு அறிவது?

தேடும் பொருளின் சிறுமையை முதலில் நோக்குவோம். குடிநீரில் எந்த ஒரு பூச்சிகொல்லிக்கும் களைகொல்லிக்கும் ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள எல்லை, லீற்றருக்கு 0.1 மைக்ரோகிராம். பத்தாயிரம் லீற்றர் கொள்ளும் பவுசர்கள் ஆயிரத்தை வரிசையாக நிறுத்தி, அந்நீர் முழுவதிலும் ஒரேயொரு கிராம் மருந்தைக் கரைத்தால் வரும் அளவு அது! இத்தகைய நுண்ணளவுகளைப் பிடிக்க வழிதிறந்தவர்களுள் ஆங்கிலேய விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லொக் ஒருவர். 1957இல் அவர் அமைத்த இலத்திரன் பிடிப்பு உணர்கருவியே, டீ.டீ.ரீ. போன்ற குளோரின் சேர்ந்த மருந்துகளின் எச்சத்தைப் பின்னர் எங்கெங்கோ காட்டிக்கொடுத்தது.

ஆய்வுகூடத்தில் ஒரு லீற்றர் நீரை, மருந்தைப் பற்றிக்கொள்ளும் தூள் அடைத்த சிறு குழாயினூடே மெல்லச் செலுத்துவர். நீர் வழிந்துவிடும், மருந்து தங்கும். அதைச் சிறிது கரைப்பானால் கழுவியெடுத்து ஒரு மில்லிலீற்றராக வற்றச் செய்தால், செறிவு ஆயிரம் மடங்காகும். அப்பால் கருவிகள் கூறு கூறாகப் பிரித்து, இன்னது இவ்வளவு எனச் சொல்லும்.

கிளைபோசேற்று மட்டும் இம்முறைக்கு இலேசில் இணங்காது. நீரை விட்டுக் கரைப்பானுக்கு வர மறுக்கும் குணம் அதற்கு. ஆதலின் பெரும்பாலும் வேறொரு சேர்மத்தோடு பிணைத்தே அதை அளக்கின்றனர். போத்தலிலும் அதற்குப் பிடிவாதம் உண்டு: மற்ற மருந்துகள் பலவற்றுக்குக் கண்ணாடி ஏற்றது, இதுவோ கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக்கே வேண்டும். 2015இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்ட மருந்து இது என்பதால், மலைநாட்டார் இதனை அறிந்திருத்தல் நன்று.

கருவியினும் பெரிது, நீர் எடுக்கும் நாள் என்போம். மாசி மாத வெயிலில் நிரப்பிய போத்தல் குற்றமற்றதாய்த் தோன்றலாம். மருந்தடித்த பின் பெய்யும் முதற் பெருமழையே மண்ணோடு மருந்தையும் ஓடைக்கு இறக்குகிறது. அந்நாளைத் தவறவிட்டால், "கண்டறியப்படவில்லை" என்று வரும் அறிக்கையால் லயத்துக் குழந்தைகளுக்கு என்ன பயன்? ஆகவே தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வேளையில், பீலியில் ஒன்று, ஓடையில் ஒன்று, தலவாக்கலையில் 2012 முதல் இயங்கும் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் ஒன்று எனப் பல போத்தல்கள் வேண்டும். தூய நீர் நிரப்பிய இன்னொரு போத்தலும் அதே பெட்டியில், அதே பனிக்கட்டிக்கிடையே ஆய்வுகூடம் செல்லவேண்டும். அதிலும் மருந்து தென்படுமாயின், குற்றம் பீலியினது என்று சொல்லிவிட முடியாது. போத்தலையும் எடுத்த கையையுமே முதலில் ஐயுறவேண்டும்.