விளையாட்டுக் கருவிக்குள் ஒரு பாட்டுப் பெட்டி

கண்டியிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் புகையிரதம் கடுகண்ணாவையைக் கடந்து ரம்புக்கனை வரை இறங்கும்போது பல சுரங்கப் பாதைகளினூடாகச் செல்கின்றது. பண்பலை வானொலி கேட்டபடி வருவோருக்கு அந்த இடங்களில் ஒலி அறுந்துபோவது பழகிப்போன விடயம். பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே பயணிப்பதால், இடையில் ஒரு மலை குறுக்கிட்டாலே பாட்டு இரைச்சலாகிவிடும். பாட்டைக் கையோடு எடுத்துச்செல்ல வேண்டும் என்ற விருப்பத்திற்கு மலையகத்தில் இப்படியொரு நடைமுறைக் காரணமும் உண்டு.

1977இன் திறந்த பொருளாதாரத்திற்குப் பின்னர் கசெட் கருவிகள் நமது வீடுகளுக்குள் நுழைந்தன. சொனி நிறுவனம் 1979இல் வோக்மனை அறிமுகம் செய்தது. அதே நிறுவனம் 2004 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதனை 21ஆம் நூற்றாண்டின் வோக்மன் என்றே அந்நிறுவனத்தின் கென் குத்தராகி முன்னதாக வர்ணித்திருந்தார். மத்திய கிழக்கில் தொழில் புரிந்தோர் விடுமுறையில் வரும்போது கொண்டுவந்த பொருள்களில் இதுவும் ஒன்றாயிற்று. அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கம்பளையிலும் எத்தனையோ வீடுகளில், பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடும் என்ற அச்சத்தினால் அது அலுமாரிக்குள் பூட்டப்பட்டிருக்கும். நாமும் அதனை ஒரு விளையாட்டுச் சாமான் என்றே எண்ணியிருந்தோம்.

அதன் இசைப் பகுதி உண்மையில் எவ்வாறு இயங்குகின்றது? கருவியைக் கணினியுடன் யூ.எஸ்.பி. வடத்தினால் இணைத்து, மெமரி ஸ்டிக் அட்டையிலுள்ள 'மியூசிக்' என்னும் கோப்புறைக்குள் எம்.பி. 3 கோப்புகளைப் பிரதி செய்தால் போதுமானது. ஆரம்பத்தில் கருவியுடன் வழங்கப்பட்ட அட்டையின் கொள்ளளவு 32 மெகாபைட் மட்டுமே. சாதாரண தரத்திலான ஒலிப்பதிவு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 மெகாபைட் இடத்தை எடுத்துக்கொள்வதனால், அதில் எட்டுப் பாடல்கள் அடங்கினால் அதிகம். ஒரு கசெட்டின் ஒரு பக்கம் என்று கொள்ளலாம்! பின்னர் பெரிய அட்டைகள் வந்தன. இன்று சிறிய மைக்ரோ எஸ்.டி. அட்டையைப் பொருத்தக்கூடிய இணைப்பான்களும் கிடைக்கின்றன.

குறைகளும் இல்லாமலில்லை. முதல் மாதிரியின் எடை மின்கலத்துடன் 280 கிராம். சட்டைப் பையில் வைப்பது சிரமம். விளையாட்டைத் தொடங்கினால் பாட்டு நின்றுவிடும். ஆனால் 'ஹோல்ட்' ஆளியை இட்டுத் திரையையும் அணைத்துவிட்டால் கருவி பாட்டுப் பெட்டியாகவே மாறிவிடும். நின்டெண்டோவின் டி.எஸ்.ஐ. 2008இல் வந்தபோது நம்மவர்களை ஏமாற்றியது, அது ஏ.ஏ.சி. வகைக் கோப்புகளை மாத்திரமே ஏற்றது, எம்.பி. 3ஐ ஏற்கவில்லை. 2011இல் வந்த 3டி.எஸ். அக்குறையைத் தீர்த்தது. ஒலியின் வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதியும் அதில் உண்டு. கர்நாடக சங்கீதம் பயில்வோருக்கும், குர்ஆன் மனனம் செய்யும் மாணவருக்கும், ஆங்கில உச்சரிப்பைப் பழகுவோருக்கும் அது பயன்படும்.

இவற்றை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்களில், கைத்தொலைபேசியின் மின்கலத்தைப் பாட்டுக்குச் செலவிட எவருக்கும் மனம் வரவில்லை. அப்போது அலுமாரியிலிருந்த பழைய கருவி கைகொடுத்திருக்கும். இன்னொன்று, க.பொ.த. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடம் பாட்டுக் கேட்பதற்கென்று கைத்தொலைபேசியைக் கொடுத்தால் அதனுடன் சேர்ந்து வருபவை எவை என்பதைப் பெற்றோர் அறிவர். பழைய பிளேஸ்டேஷன் போர்ட்டபிளினால் இன்றைய இணையத்தளங்களில் பெரும்பாலானவற்றைத் திறக்கவே முடியாது. அதன் மூப்பே இங்கு அனுகூலமாகின்றது. விளையாட்டு வட்டுகளைப் பெற்றோர் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஆயினும் வெளியே எடுத்த உடனேயே மின்னேற்றத் தொடங்கலாகாது. இக்கருவியின் உற்பத்தி 2014இல் நிறுத்தப்பட்டது; ஆகவே உள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் பத்தாண்டுகளைக் கடந்தது. பின்மூடியைத் திறந்து பாருங்கள். மின்கலம் உப்பியிருந்தால் அதனை அழுத்தவோ துளைக்கவோ மின்னேற்றவோ கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. குப்பையுடன் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். முதல் மாதிரிக்கு அதற்குரிய மின்னேற்றியே தேவை. 2007இல் வந்த மெலிந்த மாதிரியை யூ.எஸ்.பி. வழியாகவும் மின்னேற்றலாம்.

செவிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பற்ற முறையில் ஒலி கேட்பதனால் உலகில் 12 முதல் 35 வயது வரையான 100 கோடிக்கும் மேற்பட்டோர் செவிப்புலனை இழக்கும் ஆபத்தில் உள்ளதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கின்றது. வயது வந்தோருக்கு 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணித்தியாலம் என்பதும், சிறுவருக்கு அதே நேரத்திற்கு 75 டெசிபல் என்பதும் அது வகுத்த எல்லை. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தருகே பஸ்களின் ஹோர்ன் ஓசையை வெல்வதற்காக ஒலியைக் கூட்டுபவர், பஸ் புறப்பட்ட பின்னர் அதனைக் குறைக்க மறந்துவிடுவார். கருவியின் ஒலி அமைப்பில் ஏ.வி.எல்.எஸ். என்றொரு தெரிவு இருக்கின்றது. அதனை இயக்கிவிட்டால் உச்ச ஒலி கட்டுப்படும். பிள்ளையிடம் கொடுக்குமுன் பெற்றோரே அதனைச் செய்துவிடலாம்.

புதிய பாடல்களுக்கு இடம்வேண்டிப் பழைய அட்டையை அழிப்பதாயின், முதலில் அதிலுள்ளவற்றைக் கணினிக்குப் பிரதி செய்துகொள்ளுங்கள். மெமரி ஸ்டிக்கை வாசிக்கும் கருவிகள் அரிதாகி வருகின்றன. கசெட்டிலிருந்து மாற்றிய பாட்டனாரின் குரலோ பழைய திருமணப் புகைப்படமோ அதில் இருக்கக்கூடும்.