பிரமி என்னும் பெயர்: மூளைக்காய மருத்துவத்தில் வல்லாரையும் நீர்ப்பிரமியும்

மூளைக்காயத்திற்குரிய மூலிகை பற்றிய இக்கால எழுத்துகளில் ‘பிரமி’ என்னும் சொல் மிகுதியும் ஆளப்படுகிறது. அஃது எச்செடியைச் சுட்டுகிறது என்பதே முதலில் தெளியத்தக்கது. கேரளத்தில் பிரமி எனின் நீர்ப்பிரமி. வட இந்தியாவின் சில பகுதிகளில் அதே பெயர் வல்லாரைக்கு வழங்குகிறது. தமிழில் இவ்விரண்டிற்கும் தனிப்பெயர்கள் இருந்தும், பிறமொழி நூல்வழி வந்த கட்டுரைகள் அவ்வேறுபாட்டை அழித்துவிடுகின்றன.

வல்லாரை கொத்தமல்லிக் குடும்பத்தது. நீண்ட காம்பும் சிறுநீரக வடிவ இலையும் உடையது. நீர்ப்பிரமியின் இலைகள் சிறியவை, தடித்தவை, எதிரெதிராகக் காம்பின்றி அமைந்தவை. இது சிறிது உவர்ப்பையும் தாங்கும். அனுமந்தையை அடுத்த கழுவெளி போன்ற உவர்நீர்ச் சதுப்பின் ஓரங்கள் இதற்கு ஏற்றவை (உப்பளப் பாத்திகள் அல்ல). சிங்களத்தில் இதன் பெயர் ‘லுணுவில’. ‘லுணு’ என்பது உப்பு, ‘வில’ என்பது நீர்நிலை. செடியின் வாழிடத்தையே பெயராக்கிய வழக்கு இது எனலாம்.

வேதிப்பொருளிலும் இவை வேறானவை. வல்லாரையில் ஏசியாட்டிகோசைடும் நீர்ப்பிரமியில் பேக்கோசைடும் சிறப்பானவை. எனவே ஒன்றன் ஆய்வு முடிவை மற்றொன்றிற்கு ஏற்றிக் கூறல் பொருந்தாது.

தலையில் அடிபட்டபின் வீக்கம், அழற்சி முதலியவற்றால் மூளைச்சேதம் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் வளரும். இவ்விரண்டாம்நிலைச் சேதத்தைத் தடுக்கக்கூடும் என்னும் கருத்து பெரும்பாலும் விலங்காய்வுகளிலிருந்து எழுந்தது; மனிதரிடம் நீர்ப்பிரமி பெரிதும் சோதிக்கப்பட்டது நினைவாற்றலுக்கே. மரபு வழக்கும் இவற்றை நினைவு, அறிவு, மனத்தெளிவு ஆகியவற்றோடுதான் முதன்மையாக இணைக்கிறது. நினைவாற்றல் மருந்தைக் காய மருந்தாகப் படிப்பது பிற்காலப் பொருள்கோள் என்றே கருதத்தோன்றுகிறது.

காயத்தை நேரடியாகப் பேசுவது குமரிப் பகுதியில் செழித்த வர்ம மரபு. அது 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என 108 வர்மங்களை வகுக்கிறது. அதில் அறிவிழந்தவரைத் தெளிவிக்கும் இளக்குமுறை முன்னும், உள்மருந்து பின்னும் அமைகின்றன. இவ்வரிசை கருதத்தக்கது. நினைவு தடுமாறியவர் வாயில் சாறு புகட்டின் அது மூச்சுக்குழலில் இறங்கி உயிருக்கு ஊறாகலாம். மண்டையோட்டினுள் கசியும் குருதியை அறிய சி.டி. ஸ்கேன் வேண்டும், அதனை எந்த மூலிகையும் வெளியேற்றாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்துற்றவருக்கு இலை தேடும் நேரம் மருத்துவமனைக்குரிய நேரமாகும்.